படார் பிஸ்கட்

ஹாலிஸ் கிராப்ட்ரீ தன்னைக் கல்யாணத்துக்குக் கேட்கப்போகிறார் என்பது வெர்லீனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். பெண்டாட்டியை இழந்த ஒருத்தர், புருஷனை இழந்த ஒருத்தியை மாதக்கணக்கில் சர்ச்சுக்கும், சர்ச் முடிந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் கூட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, "அக்டோபர்ல ஏரிக்கரை முகாமுக்கு வர்றீங்களா? டிரெய்லர் உங்களுக்கு, கூடாரம் எனக்கு" என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், அமெரிக்காவின் தெற்குச் சீமையான ஆர்கன்சாவில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

வெர்லீன் பதிலையும் தயாராக வைத்திருந்தாள். சரி என்பதுதான் பதில். ஆனால் அந்தச் சரியோடு சில ஏற்பாடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவருடைய சாய்வு நாற்காலி கார் கொட்டகைக்குப் போகும். கட்டம் போட்ட சட்டைகளில் பாதி சர்ச் தர்மப் பெட்டிக்குப் போகும். இந்த டிரெய்லர், வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற இந்தச் சக்கர வீடு, முதல் வேலையாக விற்கப்படும். மற்றபடி ஹாலிஸ் நல்ல மனுஷர். குடிப்பதில்லை, காது நன்றாகக் கேட்கிறது, ஜெபத்தை நீட்டி முழக்குவதில்லை. அந்த வயதில் இதற்கு மேல் ஓர் ஆணிடம் எதிர்பார்க்கிறவள் முட்டாள் என்பது அவள் கட்சி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முகாமுக்குள் வண்டி நுழைந்ததும் அவள் மூக்குச் சுருங்கியது. வரிசையாக டிரெய்லர்கள். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு செயற்கைப் புல் விரிப்பு, அதன் மேல் பிளாஸ்டிக் கொக்கு, தலைக்கு மேல் வண்ண பல்புச் சரம். குடும்பப் பெயரைப் பலகையில் செதுக்கிக் கம்பத்தில் தொங்கவிட்டிருந்தார்கள், என்னமோ பரம்பரை அரண்மனை மாதிரி. வீட்டில் இருக்கிற டிவியையும் ஏசியையும் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, அதற்கு முன்னால் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இயற்கையை ரசிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் கூட்டம். எல்லாருக்கும் ஹாலிஸைத் தெரிந்திருந்தது. வண்டி போகப் போக எல்லாரும் கையை ஆட்டினார்கள். ஹாலிஸும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

பக்கத்து இடம் லவான் ப்ரூயிட்டுடையது. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, பூசணிக்காய்ப் படம் போட்ட பனியன். அடுத்த டிரெய்லருக்குப் போவதற்குக்கூட கோல்ஃப் வண்டியில்தான் போவாள். வண்டியை வெர்லீன் காலை இடிக்கிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இவங்கதானா அவங்க? ஹாலிஸ், சொன்னத விட அழகா இருக்காங்களே! வாங்க கண்ணு, வாங்க. நீங்க பிஸ்கட்டுக்குக் கவுண்டி சந்தையில நீல ரிப்பன் வாங்கினவங்களாமே?"

"பல தடவை," என்றாள் வெர்லீன். அந்த ஊரில் பிஸ்கட் என்றால் மோர் விட்டுப் பிசைந்து சுடுகிற மெத்தென்ற குட்டி ரொட்டி, நீல ரிப்பன் என்றால் முதல் பரிசு.

"அப்ப உங்களுக்கும் ஹாலிஸுக்கும் பொருத்தம்தான் போங்க. அவரோட பலகாரத்துக்கு நாங்க மாசம் பூரா காத்துக் கிடப்போம்."

ஹாலிஸ் சமைப்பார் என்பது வெர்லீனுக்குப் புதுச் செய்தி. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் காது சிவக்க, டிரெய்லரின் தண்ணீர்க் குழாயை மாட்டப் போய்விட்டார்.

சாயங்காலம் விஷயம் வெளியே வந்தது. தணல் நன்றாகக் கனிந்ததும் ஹாலிஸ் ஐஸ் பெட்டியைத் திறந்து, நீலக் காகிதம் சுற்றிய ஒரு குழாய் டப்பாவை எடுத்தார். காகிதத்தை உரித்தார். சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் ஓங்கி ஒரு அடி. படார்! டப்பா வெடித்து, வெளுத்த மாவு தொந்தி பிதுங்குவது போலப் பிதுங்கி எட்டிப்பார்த்தது.

வெர்லீன் அந்த டப்பாவையே பார்த்தாள். படார் பிஸ்கட்! கடையிலேயே பிசைந்து டப்பாவில் அடைத்து விற்கிற மாவு. அவள் புழங்கும் வட்டாரத்தில் இதை வாங்குகிற பெண்கள் உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் வாங்கியவள் காலி டப்பாவைக் குப்பைக் கூடையில் செய்தித்தாளுக்கு அடியில் புதைத்து வைப்பாள், மாமியார் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று. வெர்லீனின் அம்மா ஒருமுறை ஒரு சாவு வீட்டுச் சாப்பாட்டில் ஒரு தட்டு பிஸ்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாவம், அவளுக்கு மாவு பிசையக்கூட முடியல, அவ்வளவு துக்கம்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். தட்டைக் கொண்டுவந்தவள் அதற்குப் பிறகு அந்தச் சர்ச்சுக்கு வரவில்லை. இங்கே ஒரு ஆண்பிள்ளை, தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற ஆண்பிள்ளை, நட்ட நடு வெளியில், நாலு பேர் பார்க்க, மேஜையில் அடித்து அதை உடைக்கிறார். காலி டப்பாவை ஒளிக்கக்கூட இல்லை.

"கம்புல வெண்ணெய் தடவிக்கணும்," என்றார் ஹாலிஸ் சந்தோஷமாக. விரல் பருமன் கம்பொன்றின் நுனியில் மாவை நீட்டி இழுத்துப் பாம்பு மாதிரி சுற்றினார். "இல்லன்னா கழண்டு வராது. மெல்லிசா சுத்தணும். தணல்ல காட்டணும், சுவாலைல காட்டக் கூடாது. வெந்ததும் உருவினா நடுவுல ஓட்டை இருக்கும். அதுல வெண்ணெயும் ஜாமும் ஊத்திட்டா, அவ்வளவுதான். இந்தாங்க, உங்க கம்பு."

"இதுக்குப் பேரு சமையலா?"

"பேரெல்லாம் வைக்கல. திங்கறதோட சரி."

வெர்லீன் கம்பை வாங்கிக்கொண்டாள். இரண்டு விரலால், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி. ரிப்பன் வாங்கின கை இதற்கெல்லாம் பாடம் கேட்குமா? தடிமனாகச் சுற்றி, சுவாலைக்குள் நீட்டினாள். வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. ஒரு கடி கடித்துவிட்டுக் காகிதத் துண்டில் துப்பினாள்.

"மாவு சரியில்ல," என்றாள்.

ஹாலிஸ் தன்னுடையதை உருவி, பொன்னிறக் கூட்டுக்குள் பீச் ஜாமை ஊற்றி அவளிடம் நீட்டினார். அவள் பசியில்லை என்றாள். பசி இருந்தது. அவர் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. அப்புறம் அவரே தின்றார். ஜாம் மோவாயில் ஒழுகியதைப் பார்த்து, கல்யாணமானதும் இந்தப் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும் என்று வெர்லீன் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் முகாம்காரர்களுக்கெல்லாம் கண்ணைத் திறந்துவிடத் தீர்மானித்தாள். வீட்டிலிருந்தே மாவும் மோரும் பன்றிக் கொழுப்பும் கொண்டுவந்திருந்தாள். எதற்கும் கையோடு இருக்கட்டும் என்று கொண்டுவருகிறவள் அவள். விரல் நுனியால் கொழுப்பை மாவில் உதிர்த்தாள். மோரை விட்டு, கை அழுத்தம் படாமல் சேர்த்தாள். ஹாலிஸின் வார்ப்பிரும்புப் பானையில் அடுக்கி, மூடி மேல் தணலை எண்ணிப் பரப்பினாள். ஒரு குறையும் சொல்ல முடியாது, அந்தப் பொம்பளைக்குக் கை அப்படி. மூடியைத் திறந்தபோது உள்ளங்கை அகலத்தில், உச்சியில் பொன்னிறமாக, பிட்டால் ஆவி பறக்கும் பிஸ்கட்டுகள் உட்கார்ந்திருந்தன. வாசனை ஏரி வரைக்கும் போயிருக்கும்.

லவானும் அவள் புருஷன் ரஸ்டியும் வந்தார்கள். பின்னால் வேறு ஐந்தாறு பேர், காபிக் கோப்பையும் கையுமாக.

"கத்தியால வெட்டாதீங்க," என்றாள் வெர்லீன் ரஸ்டியைப் பார்த்து. "பிஸ்கட்ட வெட்டக் கூடாது, பிக்கணும். எங்க வளந்தீங்க நீங்க?"

ரஸ்டி கத்தியைக் கீழே வைத்தார்.

"மொதல்ல வெறும் வெண்ணெயோட தின்னு பாருங்க. அப்புறம் ஜாம். நாக்கு எதுக்கு இருக்குன்னு அப்பத்தான் தெரியும்."

லவான் ஜாம் கரண்டியைத் திரும்ப வைத்தாள். எல்லாரும் நின்றபடியே தின்றார்கள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார்கள். பொய் இல்லை, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சர்ச்சில் காணிக்கைத் தட்டு போகும்போது இருக்கிற மாதிரி ஒரு அமைதி. தின்று முடித்ததும் நன்றி சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக ஏதோ வேலை இருப்பதாகக் கிளம்பிவிட்டார்கள். பானையில் பாதி மிச்சம்.

"இவங்களுக்கு ருசி தெரியல," என்றாள் வெர்லீன்.

"ருசி தெரியுது," என்றார் ஹாலிஸ். "நானே மூணு தின்னேன். இந்த மாதிரி பிஸ்கட்ட நான் ஜென்மத்துல தின்னதில்ல, சத்தியமா."

"அப்ப ஏன் ஓடறாங்க?"

அவர் பானையை மூடி வைத்தார். பதில் அவர் வாய் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப்போனது. வெர்லீன் அதைக் கவனிக்கவில்லை. பாராட்டில் மயங்கியிருந்தாள்.

மத்தியானம், அவர்கள் வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் ஞாயிறு காலை டோனட் என்று ஹாலிஸ் சொல்லிவைத்திருந்தது தெரியவந்தது. மாதம் ஒரு தடவை இது வழக்கமாம். முகாமின் கொட்டகையில் நடக்கும் ஆராதனைக்கு முன்னால், எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஹாலிஸின் நெருப்பைச் சுற்றி வந்து உட்காருவார்களாம். அவர் யாருடைய டிரெய்லருக்கோ அடியில் படுத்துக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டார்.

"வெர்லீன், ஒரு உதவி. என் பிக்கப் வண்டிய எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போயிட்டு வர முடியுமா? டப்பா தீந்து போச்சு. நீலக் காகிதம் சுத்தினது, சாதா மோர் வகை. ஏடு ஏடா வர்றதா ஒண்ணு இருக்கும், அது வேண்டாம். டோனட்டுக்கு அது ஆகாது."

"எல்லாம் ஒரே குப்பைதான?"

"இல்லம்மா. ஏடு வகை எண்ணெயில நிக்காது."

டப்பாவில் வந்த மாவுக்குள் ஜாதி வேறா என்று நினைத்துக்கொண்டே அவள் சாவியை வாங்கினாள். சொன்னது ஒரு காதில் ஏறி இன்னொரு காது வழியாக, கடைக்குப் போகும் வழியிலேயே இறங்கிவிட்டது.

கடையில் குளிர்ப் பெட்டிக்கு முன்னால் அவள் நின்றபோது, அந்தப் பக்கம் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு யூடோரா நெல்ம்ஸ் வந்தாள். அவர்கள் சர்ச் போதகரின் மனைவி! நாற்பது மைல் தள்ளி, இந்தக் காட்டுக் கடையில், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்த இடத்தில். வெர்லீன் பார்க்காமல் கையை உள்ளே விட்டு, எட்டின டப்பாக்களை அள்ளி வண்டியில் போட்டு, அதன் மேல் காகிதத் துண்டு உருளைகளையும், உருளைகளின் மேல் ஒரு முட்டைக்கோஸையும் வைத்து மூடினாள். பிறகுதான் முகத்தில் சிரிப்பை வரவழைத்தாள்.

"யூடோரா! நீங்க எங்க இங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு வந்தேன். நீங்க ஹாலிஸோட முகாமுக்கு வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்." யூடோராவின் கண்ணில் குறும்பு. "ஏதாவது விசேஷம் உண்டா?"

"கோஸ் வாங்க வந்தேன்," என்றாள் வெர்லீன்.

பெருமூச்சு விட்டது டிரெய்லருக்குத் திரும்பின பிறகுதான். டப்பாக்களை ஒன்றையும் பார்க்காமல் ஐஸ் பெட்டியின் அடியில் திணித்தாள். ஒரு போதகர் மனைவியிடமிருந்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்ட திருப்தியில் அன்று அவளுக்கு நல்ல தூக்கம்.

ஞாயிறு காலை மேகமில்லாமல் விடிந்தது. ஹாலிஸ் புதுச் சட்டை போட்டிருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். இன்றைக்குத்தான் என்று வெர்லீனுக்குப் பட்டது. ஆராதனை முடிந்து, ஏரிப் பக்கம் ஒரு நடை போய், அங்கே கேட்பார். நல்லது, சட்டையாவது இஸ்திரி போட்டது.

எல்லாரும் வந்துவிட்டார்கள். நெருப்பைச் சுற்றி மடக்கு நாற்காலிகள், மடியில் போர்வைகள், ஆளுக்கொரு கோப்பைக் காபி. பேச்சும் சிரிப்புமாக இருந்தது. ஒருவர் மீன் பிடித்த கதையைச் சொன்னார், இன்னொருவர் அந்த மீனின் நீளத்தைக் குறைத்தார். சட்டியில் எண்ணெய் காய்ந்தது. ஹாலிஸ் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்து, பேசிக்கொண்டே காகிதத்தை உரித்து, மேஜையில் ஓங்கி அடித்தார். படார்! "ஆமென்!" என்று ரஸ்டி கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். இந்த ஜனங்களுக்கு இது ஒரு பெரிய நகைச்சுவை போலிருக்கிறது என்று வெர்லீன் உதட்டைச் சுழித்தாள்.

ஹாலிஸ் வட்ட வட்டமான மாவுகளைப் பிரித்து வைத்து, தண்ணீர் பாட்டில் மூடியால் ஒவ்வொன்றின் நடுவிலும் அழுத்தி ஓட்டை எடுத்தார். அப்போதே விரல் ஒருமுறை தயங்கியது. முதல் வட்டத்தை எண்ணெயில் விட்டார். அது ஒரு நிமிஷம் மிதந்தது. பிறகு ஏடு ஏடாகப் பிரிய ஆரம்பித்தது. மேலேடு ஒரு பக்கம் போனது, நடுவேடு ஒரு பக்கம் போனது, அடியேடு சுருண்டு எண்ணெயைக் குடித்துக்கொண்டு கீழே இறங்கியது. சட்டி முழுக்கக் கிழிந்த காகிதம் மாதிரி மாவுத் துண்டுகள். ஹாலிஸ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். காகிதம் நீலம்தான். ஆனால் கீழே, கொட்டை எழுத்தில், ஏடு ஏடாக வரும் என்று எழுதியிருந்தது.

அவர் வெர்லீனை ஒரு பார்வை பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை.

"என்ன ஹாலிஸ், தப்பு டப்பாவா?" என்றாள் லவான்.

"ஆமா," என்றார் அவர். "கண்ணாடி போடாம போய் வாங்கிட்டேன். பரவால்ல, இன்னைக்கு வேற பலகாரம். பேரு இன்னும் வைக்கல." இடுக்கியால் துண்டுகளை மடமடவென்று வாரி எண்ணெய் வடித்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் போட்ட பழுப்புக் காகிதப் பையில் கொட்டிக் குலுக்கினார். பையோடு ஒரு ஆட்டமும் போட்டார். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். பை கை மாறியது. "மொறுமொறுன்னு இருக்கே!" என்றார் ரஸ்டி. "இதையே இனிமே போடுங்க ஹாலிஸ்."

அத்தோடு அந்த விஷயம் முடிந்திருக்கும். யாருக்கும் கோபமில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. வெர்லீன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் அவளால் பொறுக்க முடியவில்லை. தப்பு செய்தது ஒன்று. அந்தத் தப்பை இந்த மனுஷர் தன் தலையில் போட்டுக்கொண்டு அவளைக் காப்பாற்றியது இன்னொன்று. அவளை, அதுவும் மாவு விஷயத்தில், ஒருவர் காப்பாற்றுவதா?

"அவர் வாங்கல," என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. "நான்தான் வாங்கினேன். எதை வாங்கினா என்ன? எல்லாம் ஒண்ணுதான். தெரு நாய் மோந்து பாத்துட்டு நகந்து போற சாமான். இதுல நல்ல டப்பா, கெட்ட டப்பான்னு ஆராய்ச்சி வேற! நேத்து நெசமான பிஸ்கட் போட்டேன், ஒருத்தருக்கும் அரை மணி உக்காந்து திங்க வழியில்ல. இந்தக் குப்பைக்கு நாற்காலி தூக்கிட்டு வந்து கை தட்டறீங்க. உங்க வீடுகள்ல யாரும் உங்களுக்கு ஒழுங்கா ஆக்கிப் போட்டதே கிடையாதா?"

ரஸ்டி மெல்லுவதை நிறுத்தியிருந்தார். வெர்லீன் அத்தோடாவது நிறுத்தியிருக்கலாம். ஹாலிஸ் பக்கம் திரும்பினாள்.

"உங்க சம்சாரம் க்ளென்னா உசிரோட இருந்திருந்தா உங்களுக்கு இந்த நிலைமை வந்திருக்குமா ஹாலிஸ்? வயசான காலத்துல, டப்பாவ மேஜையில அடிச்சுக்கிட்டு, கோமாளி மாதிரி பையக் குலுக்கிக்கிட்டு?"

லவான் முதலில் எழுந்தாள். "சரி கண்ணு," என்றாள், யாரையும் பார்க்காமல். "ஆராதனைக்கு நேரமாச்சு. ஹாலிஸ், பலகாரம் ரொம்ப நல்லா இருந்துச்சு." எல்லாரும் நாற்காலிகளை மடக்கினார்கள். போகும்போது ஒவ்வொருவரும் ஹாலிஸின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். வெர்லீனிடமும் மரியாதையாகத் தலையசைத்தார்கள். தெற்கத்தி ஜனங்களுக்கு அந்த மரியாதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் தவறாது.

ஹாலிஸ் சட்டியை நெருப்பிலிருந்து இறக்கி வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். மேஜையில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"க்ளென்னாவும் இதேதான் சொல்லியிருப்பா," என்றார். "இதே வார்த்தை. கிட்டத்தட்ட இதே குரல்."

"அப்ப அவங்களுக்கும் ருசி தெரிஞ்சிருக்கு."

"தெரியும். நல்லா சமைப்பா. நல்ல பொம்பள, நான் கொறை சொல்ல வரல. ஆனா நான் எதைச் செஞ்சாலும் அவ முகத்தை ஒரு மாதிரி வெச்சுக்குவா. நான் சுட்ட முட்டை, நான் வாங்கின சட்டை, நான் நட்ட செடி. வாயத் திறக்கவே வேணாம். நான் சொன்ன ஜோக்குக்கும் அந்த முகம்தான். கடைசில நான் ஜோக்கே சொல்றதில்ல." அவர் ஏரிப் பக்கம் பார்த்தார். "அவ போனப்ப அழுதேன் வெர்லீன். நெசமாவே அழுதேன். அப்புறம் இந்த டிரெய்லர வாங்கி இங்க வந்தேன். மொத நாள் காலையில ஒரு டப்பாவ உடச்சு, நாலு சுட்டு, சர்க்கரை தொட்டுத் தின்னேன். யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு இனிப்புன்னா எவ்வளவு பிடிக்கும்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது."

வெர்லீனுக்கு உள்ளே ஏதோ நழுவியது. பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். "நான் கோவத்துல பேசினேன். தப்பு டப்பாவ வாங்கிட்டோமேன்னு ஒரு வெக்கம். மன்னிச்சிருங்க."

"மன்னிச்சாச்சு. அது ஒண்ணும் பெரிசில்ல."

"அப்ப கேளுங்க."

"என்ன?"

"கேக்கணும்னுதான கூட்டிட்டு வந்தீங்க? எனக்குத் தெரியாதா? கேளுங்க ஹாலிஸ். நான் சரின்னுதான் சொல்லப் போறேன்."

அவர் மேஜையில் கிடந்த காலி டப்பாவை ஒதுக்கி வைத்தார். "கேக்கத்தான் இருந்தேன். இன்னைக்குக் காலையில தலை வாரும்போதுகூட என்ன வார்த்தைன்னு யோசிச்சேன். இப்ப கேக்கல."

"ஒரு டப்பாவுக்காகவா?"

"டப்பாவுக்காக இல்லம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜாம் ஊத்தி உங்க கிட்ட நீட்டினேன் பாருங்க. நீங்க பசியில்லன்னீங்க. அப்ப உங்க முகத்தைப் பாத்தேன். சரி, களைப்பா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நேத்து ரஸ்டி கத்தியக் கீழ வெச்சப்ப பாத்தேன். இன்னைக்கும் பாத்தாச்சு. மிச்சமிருக்கிற காலத்துக்கும் காலையில எந்திரிச்சதும் அந்த முகத்துக்கு எதிர்ல உக்கார எனக்குத் தெம்பு இல்ல."

"நான் மாத்திக்கறேன்," என்றாள் வெர்லீன். வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத வார்த்தை. சொன்ன பிறகு அவளுக்கே அது யாருடைய குரலோ என்று இருந்தது.

"முயற்சி பண்ணுவீங்க. நீங்க சொன்னாச் செய்யறவங்கதான்." அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் தேவலை என்று நினைத்திருப்பாள். கோபத்தைச் சமாளிக்க அவளுக்குத் தெரியும். "ஆனா நீங்க முயற்சி பண்றீங்களேன்னு நான் ஒவ்வொரு வேளையும் உங்க முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். ரெண்டு பேருக்கும் அது நல்லதில்ல. என்னை மன்னிச்சிருங்க வெர்லீன்."

அவர் எழுந்து தண்ணீர்க் குழாயைக் கழற்றப் போனார். அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாதக்கணக்காக அவள் இந்த மனுஷரை எடை போட்டுக்கொண்டிருந்தாள். சட்டை சரியில்லை, நாற்காலி சரியில்லை, டிரெய்லர் சரியில்லை என்று. அவரும் அவளை எடை போடுவார் என்பது ஒரு தடவைகூட அவள் புத்தியில் உதிக்கவில்லை. கேள்வி அவருடையது, பதில் தன்னுடையது, பதில்தான் பெரிது என்று இருந்துவிட்டாள். இப்போது அவளுக்கு அவர் வேண்டும். சட்டையோடு, டிரெய்லரோடு, மோவாயில் ஒழுகும் ஜாமோடு வேண்டும். இதை எழுந்து போய்ச் சொல்லலாம். ஆனால் அவர் குனிந்து குழாயை வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்த விதத்திலேயே பதில் இருந்தது. அவர் ஏற்கனவே தனியாக இருந்தார், அதில் நிம்மதியாகவும் இருந்தார்.

மத்தியானம் பெட்டிகளை வண்டியில் ஏற்றி முடித்தார்கள். ஹாலிஸ் அவளுக்காக முன் கதவைத் திறந்துவிட்டு, அவள் பாவாடை ஓரம் சிக்காமல் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு, டிரெய்லர் கொக்கியைச் சரிபார்க்கப் பின்னால் போனார். அப்போது லவான் கோல்ஃப் வண்டியில் வந்தாள். காலையில் நடந்ததை ஆராதனையில் கழுவிவிட்டு வந்தவள் மாதிரி, அதே பெரிய சிரிப்பு. ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"காலையில நடந்தத மனசுல வெச்சுக்காதீங்க கண்ணு. எங்க வீட்டுல தினமும் ஒருத்தர் கத்துவாங்க. அடுத்த மாசம் வரும்போது அந்த பிஸ்கட்ட மறுபடி போடணும், சரியா? நான் உக்காந்து திங்கறேன், கத்தி எடுக்க மாட்டேன். வருவீங்கல்ல?"

பின்னால் கொக்கியின் சத்தம் நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று வெர்லீனுக்குத் தெரிந்தது. அவள் கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள். இந்தப் பூசணிக்காய்ப் பனியன்காரி முன்னால் அழுவதை விட, என்று வழக்கமான நினைப்பு பாதி வரை வந்தது, மீதி வரவில்லை.

"எப்படிப் போடணும்னு உங்களுக்கு எழுதி அனுப்பறேன்," என்றாள். "நீங்களே போட்டு அவருக்குக் குடுங்க. ஜாம் நெறைய வெச்சுக் குடுங்க."

லவானின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. அவள் பின்னால் நின்ற ஹாலிஸைப் பார்த்தாள், திரும்ப வெர்லீனைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டு வெர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெர்லீன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வண்டி நகரும் வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது.